சரோஜா அனுப்பிய மழை அளவு

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்தவர், நல்ல மனுஷன். "சார், சந்தோஷமான செய்தி. இனிமே தோட்டத்து ஆபீசுல கையால எழுதுற ரெஜிஸ்டரே கெடையாது. எல்லாம் சிஸ்டத்துலதான். மனுஷன்னா பொய் சொல்லுவான், சிஸ்டம் பொய் சொல்லாதுல்ல?" என்றார்.

பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். அவர் மேல் என்ன தப்பு? ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. "பென்சன் எடுத்தும் இன்னும் அந்த ஆபீசோட சண்டையா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம், சண்டைதான். "சிஸ்டம் பொய் சொல்லாது" என்ற அதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கினார்கள். அதை உறுதி செய்த காகிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்தபோது, ஹட்டனில் ஒரு கம்பெனியின் வட்டார ஆபீசில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தது. திறக்க எல்லாருக்கும் பயம், எனக்கு மட்டும் ஆசை. கொழும்பில் ஆறு மாதம் படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்து பிரிண்டரில் சிக்கிய காகிதம் எடுப்பதிலிருந்து தோட்டங்களுக்கு ரேடியோக் கம்பம் நடுவது வரை எல்லாம் செய்தேன். லயத்துப் பையன் 'சார்' ஆனான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் பிறகு கண்ணை மறைத்தது.

எனக்கு மேலதிகாரி சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், சீனி போடாத பிளேன்டீ ஒன்று குடிப்பார், பிறகு முதல் நாள் வேலைப் பதிவை ஆரம்பத்திலிருந்து வாசிப்பார். "சரி செய்தேன்" என்று எழுதியிருந்தால் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். "என்னத்தைச் சரி செய்தனீர்? முந்தி எப்பிடி இருந்தது, பிறகு எப்பிடி இருக்குது, இரண்டையும் எழுதும். கண்டதை எழுதும் மாணிக்கம், நினைச்சதை எழுத வேண்டாம்." ஒரு மவுஸ் மாற்றினாலும் அரைப் பக்கம் எழுத வேண்டும். எங்களுக்குள் அவரைக் கேலி செய்வோம். ஆனால் அவர் கீழ் செய்த வேலை எதுவும் இரண்டாம் முறை கெட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் கொழும்புத் தலைமை ஆபீஸ் இரண்டு மாற்றங்களைக் கொண்டு வந்தது. முதலாவது, மழை அளவு. எங்கள் பக்கம் பெரிய மழை என்றால் மண் சரியும். ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் மழைமானி வைத்து, மழைக்காலத்தில் நாளுக்கு மூன்று தடவை அளந்து, கம்ப்யூட்டர் வழியாக ஹட்டனுக்கு அனுப்ப வேண்டும். அளவு எல்லை தாண்டினால் ஹட்டனிலிருந்து லொறி போய், சரிவுக்குக் கீழே இருக்கிற லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடவே ஒரு உத்தரவு: போன் பண்ணிக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. சிஸ்டத்தில் வந்தால்தான் வந்தது. போன் பண்ணி "வந்துச்சா சார்?" என்று கேட்ட இரண்டு மூன்று கிளாக்கர்மாருக்கு எழுத்தில் எச்சரிக்கை போனது.

இரண்டாவது மாற்றம், ஹட்டனில் இருந்த மூன்று கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு ஒரே பெரிய இயந்திரம் வைத்தார்கள். அதற்குள் மூன்று பாவனைக் கம்ப்யூட்டர்கள். பார்வைக்கு இல்லை, ஆனால் வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாவனை நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டிலிருந்து வருகிற தகவல் பொட்டலங்களை எடுத்துக் கொடுக்கிற சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த டிரைவர் அது. கொழும்புக்காரர்கள் போட்டுவிட்டுப் போனார்கள்.

நோர்வூட் பக்கத்து ஒரு தோட்டத்தில் சரோஜா கிளாக்கராக இருந்தார். இருபத்து மூன்று வயது. அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, அந்த ஆபீசுக்குள் மேசை போட்டு உட்கார்ந்த முதல் பெண். அம்மா இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆனி மாத மழை. மரங்கள் விழுந்து போன் லைன் அறுந்தது, பாதித் தோட்டங்களில் கரண்ட் இல்லை. சரோஜா பின்னேரம் நாலு இருபதுக்கு மழைமானியைப் பார்த்தார். எல்லை தாண்டியிருந்தது. ரெஜிஸ்டரில் எழுதினார், கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினார். 'அனுப்பப்பட்டது' என்று திரை காட்டியது. லொறி வரும் என்று காத்திருந்தார். ஐந்தரை மணி போல மண் இறங்கி லயத்தின் கடைசி இரண்டு காம்பிரா வீடுகளை மூடியது. முத்துக்கருப்பன் என்பவரை இழுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஹட்டன் கம்ப்யூட்டரில் சரோஜாவின் செய்தி வந்த நேரம் ஆறு ஐந்து.

விசாரணை என்று ஒன்று நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மனேஜர் பதினைந்து நிமிஷத்தில் முடித்தார். மண் சரிந்த பிறகு பயந்துபோய் அனுப்பிவிட்டு, ரெஜிஸ்டரில் நாலு இருபது என்று எழுதிவிட்டாள் என்றார். பேனாவால் எந்த நேரத்தையும் எழுதலாம். சிஸ்டம் பொய் சொல்லாது. முடிந்தது கதை.

இருந்தாலும் சோதனை அறிக்கை ஒன்று வேண்டுமாம், கோப்புக்கு. என்னை அனுப்பினார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போய், செய்தி அனுப்புகிற அதே மென்பொருளைச் சோதனை முறையில் ஓட விட்டேன். அது விநாடிக்கு ஒரு தடவை சோதனைச் செய்தி அனுப்பி, ஹட்டனிலிருந்து பதில் வர எவ்வளவு நேரம் என்று அச்சடிக்கும். ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு செய்திகூடத் தொலையவில்லை. சிலதுக்கு மட்டும் பதில் ஒரு விநாடி பிந்தி வந்தது. வெளியே மழை, ரேடியோ இணைப்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். நினைத்ததை எழுதினேன்: 'இணைப்பில் குறை இல்லை.' கையெழுத்துப் போட்டேன். சிவஞானம் ஐயாவும் அதைப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

சரோஜாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்து நோர்வூட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஆபீசுல ஒக்காந்த ஒடனே நம்மள மறந்துருச்சு பாரு."

"தொரை வீட்டுப் புள்ளையா இருந்தாகூட ஆறும். நம்ம லயத்துப் புள்ள, நம்ம ஆள் கால முறிச்சிருச்சே."

"இப்ப கூடையத் தூக்கிக்கிட்டு ஆத்தாகூட மலைக்கு வருது. பக்கத்து நெரையில யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க."

கம்பெனிக்கு முன்னால் அவமானப்படுவது வேறு. தன்னுடைய ஆட்களே பக்கத்து நிரையில் நிற்காமல் விலகிப் போவது வேறு. எங்கள் அம்மாவோடு மலைக்குப் போய் வளர்ந்தவன் நான், அது என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அந்த அச்சுக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன். பிந்தி வந்த பதில்களைச் சிவப்பில் வட்டம் போட்டேன். ஒரு விநாடி, ஒரு விநாடி, ஒரு விநாடி. ஒன்றுகூட அரை விநாடி இல்லை, ஒன்றரை இல்லை. சிவஞானம் ஐயா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"மழையாலை பிந்தினது எண்டு சொன்னனீர்?"

"ஆமாங்கய்யா."

"மழையிட்டை மணிக்கூடு இருக்கோ, எல்லாத்தையும் சரியா ஒரு செக்கன் பிந்த வைக்க?"

அவர் அவ்வளவுதான் சொன்னார். நான் அன்றே தோட்டத்து ஆபீசுக்குப் போய், சோதனையை விநாடிக்கு ஒன்று என்பதை மாற்றி இரண்டு விநாடிக்கு ஒன்று என்று வைத்தேன். பிந்தி வந்தவை எல்லாம் இரண்டு விநாடி பிந்தின. ஐந்து என்று வைத்தேன். ஐந்து விநாடி பிந்தின. நான் எந்த இடைவெளி வைக்கிறேன் என்று மழைக்கு எப்படித் தெரியும்? பிந்துகிற செய்தி ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. அடுத்த செய்தி வரும்வரை அங்கே யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐயாவும் நானும் டிரைவரின் மூல நிரலை அச்செடுத்து வரி வரியாக வாசித்தோம். நாலு நாள். குறை இருந்த இடம் ஒரு சாண்கூட இல்லை. புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஆபீஸ் முன் மேசையில் ஒரு மணி இருக்கிறது என்று வையுங்கள். ஆள் வந்து அடித்தால் பியோன் வருவான். வந்ததும் மணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நிற்கிற எல்லாரையும் கவனிப்பான். யாரும் இல்லை என்று பார்த்த பிறகு மணியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். யாரும் இல்லை என்று பார்த்ததற்கும் மணியை வைப்பதற்கும் நடுவில் ஒரு ஆள் வந்து நின்றால்? அடிக்க மணி இல்லை. பியோன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். உள்ளே வரும்போது மட்டும்தான் மணி அடிக்கலாம், வந்து நின்ற பிறகு அடிக்க முடியாது. எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் வாசலில் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற பழக்கமும் கிடையாது, கூப்பிடும்வரை நிற்பார்கள். அடுத்த ஆள் வந்து மணி அடித்தால்தான் இவருக்கும் விடிவு. அந்த டிரைவர் இப்படித்தான் வேலை செய்தது.

எங்கள் மென்பொருள் தோட்டத்தின் பெயரை ஒரு பொட்டலமாகவும், மழை அளவைப் பின்னாலேயே இன்னொரு பொட்டலமாகவும் அனுப்பும். பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டு டிரைவர் திரும்புகிற நேரத்தில் அளவு வந்து விழும். சாதாரண நாளில் அடுத்த கணமே இன்னொரு தோட்டத்துச் செய்தி வரும், பிந்தியது யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சில தோட்டங்கள் முன்னமே அனுப்பிவிட்டன, மற்றவற்றில் கரண்ட் போய், லைன் போய், சரோஜாவுக்குப் பின்னால் அனுப்ப ஒரு தோட்டமும் இல்லை. நான் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஐந்துக்கு அகரபத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கரண்ட் வந்து, அது தன் அளவை அனுப்பியிருக்கிறது. சரோஜாவின் செய்தியும் அதே விநாடியில் பதிவாகியிருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தச் செய்தி ஹட்டனில், எங்கள் இயந்திரத்துக்குள், வாசலில் நின்றிருக்கிறது. லொறி வெளியே முற்றத்தில் நின்றது, அதை ஓட்டுகிறவர் உள்ளே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

திருத்தம் ஐந்தே வரி. மணியை வைத்த பிறகு இன்னொரு தடவை வாசலைப் பார். யாராவது நின்றால் மணியை எடுத்துவிட்டு மறுபடி கவனி. இவ்வளவுதான். திருத்துவதற்கு முன் ஒரு நாள் முழுக்க, திருத்திய பின் ஒரு நாள் முழுக்கச் சோதித்தோம். விநாடி மாற்றினோம், நிமிஷக்கணக்கில் இடைவெளி விட்டோம். திருத்திய பின் ஒரு பதில்கூடப் பிந்தவில்லை.

சிவஞானம் ஐயா அறிக்கையைத் தானே எழுதினார். நாலு பக்கம். குறை என்ன, எப்படிக் கண்டோம், முதல் அறிக்கை பிழை, அதில் கையெழுத்திட்ட இரண்டு பேரின் பெயர், சரோஜா சொன்னது உண்மை. "உம்மட கையெழுத்துக்குக் கீழை என்ட கையெழுத்தும் கிடக்குது மாணிக்கம். மறைக்கேலாது" என்றார். கொழும்புக்கு அனுப்பினோம்.

கொழும்பு என்ன செய்தது தெரியுமா? இரண்டு மாதம் கழித்து, நாலு பக்கத்தையும் கோப்புக்குள் புதைத்துவிட்டு, 'சிஸ்டம் மேம்படுத்தப்பட்டது' என்று எல்லாத் தோட்டங்களுக்கும் ஒற்றை வரிச் சுற்றறிக்கை விட்டது. சரோஜாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போனது. அவருடைய இளம் வயதையும் குடும்ப நிலையையும் எண்ணி, கருணையின் பேரில் மீண்டும் வேலைக்கு எடுக்கிறார்களாம்.

கருணை! ஒரு தப்பும் செய்யாதவளுக்குக் கருணை! அந்தக் கடிதத்தின் நகலை வாசித்தபோது எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சரோஜா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடியில் தமிழில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'தப்பு செஞ்சவங்களுக்குத்தான் மன்னிப்பு. எனக்கு வேண்டாம்.'

நான் ஐயாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "நீங்களாச்சும் மேல பேசுங்கய்யா. அந்தப் புள்ள லயத்துல தலை நிமிந்து நடக்க முடியல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "எழுதினன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது மாணிக்கம். எனக்கு வேலை போனால் இரண்டு பிள்ளையளின்ட படிப்பு நிண்டிடும்." பிறகு லீவுப் புத்தகத்தை எடுத்தார். "நாளைக்கு உமக்கு லீவு எண்டு எழுதுறன். எங்கை போறீர் எண்டு நான் கேக்கேல்லை." நாலு பக்க அறிக்கையின் நகலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்தான். இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றேன். பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆட்கள் எல்லாரும் கூடுகிற இடம், பெயர் கூப்பிட்டு, யார் எந்தத் தேயிலை மலையில் பறிப்பது என்று பிரித்துக் கொடுப்பார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் ஐந்து நிமிஷம் கேட்டேன். வெள்ளைச் சட்டையைப் பார்த்து, மேலிடத்து ஆள் என்று நினைத்து விட்டுவிட்டார்.

பியோன், மணி, வாசலில் நின்ற ஆள் என்று உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொன்னேன். உங்களைவிட வேகமாக அவர்களுக்குப் புரிந்தது, அந்த வாசலில் நின்று பழகியவர்கள். "நாலு இருபதுக்கு இந்தப் புள்ள அனுப்பினது உண்மை. ஹட்டன்ல எங்க மெசின்தான் அத எடுக்காம வெச்சிருந்துச்சு. கொறை இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றேன். கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் சரோஜா தலை குனிந்து நின்றார்.

முத்துக்கருப்பனின் மனைவி அன்னக்கிளி முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தாலும் தகும்.

"இத ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கருணைன்னு எழுதியிருக்காங்க."

அவர் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தார். "அப்பிடின்னா சரியா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எம் புருசன் கால் போனதுக்கு யாரு காரணம்னு எனக்கும் அதுல தெரியணும். அது வர்ற வரைக்கும் நா மலைக்கு ஏறல." பிறகு சரோஜாவிடம் போய், "மூணு மாசமா ஒன்னையத் திட்டுனேன்டி, என்ன வாயி இது" என்று சொல்லித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதார். ஒவ்வொரு கூடையாகத் தரைக்கு வந்தது. கண்டாக்கையா என்னைப் பார்த்த பார்வையில் அன்றே எரிந்திருக்க வேண்டும் நான்.

இரண்டு நாள் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கவில்லை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது, தமிழில். குறை ஹட்டன் கம்ப்யூட்டரில், சரோஜா கடமையைச் சரியாகச் செய்தார் என்று. முத்துக்கருப்பனைக் கம்பெனி ஆள் ஒருவர் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். அவர் கால் திரும்பி வராது. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, அதோடு பதவி உயர்வும் நின்றது. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். அதற்காக நான் வருந்தவில்லை. போய்த் தொலையட்டும்.

சரோஜா வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அந்த ஆபீசுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், ஒளிப்பானேன்? நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"சார், அன்னைக்கு டெஸ்ட் பண்ண வந்தப்ப இதே எடத்துலதான ஒக்காந்திருந்தீங்க? ஒரு மணி நேரம்?"

"ஆமாம்மா."

"நான் அந்தக் கதவுக்கிட்டதான் நின்னேன். ஒங்களுக்கு டீயும் நான்தான் கொண்டாந்து வெச்சேன். எத்தன மணிக்கு அனுப்புனே, என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டீ குடித்தது ஞாபகம் இருந்தது. கொண்டு வந்து வைத்த முகம் ஞாபகம் இல்லை.

"கேக்கல" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"அதையும் எழுதிக் குடுங்க, சார்."

எழுதிக் கொடுத்தேன்.